விரல் நுனியில் பட்ட பந்து

வாலிபாலில் ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் தெரிகிற விஷயம் ஒன்று உண்டு. எதிரணிக்காரன் ஓங்கி அடித்த பந்து, பிளாக்குக்கு, அதாவது நெட்டுக்கு மேல் கை நீட்டித் தடுக்க, எழும்பியவனின் விரல் நுனியை உரசிக்கொண்டு கோட்டுக்கு வெளியே போய் விழுகிறது. ஸ்டாண்டில் நிற்கும் ரெஃப்ரி நெட்டையும் பார்க்க வேண்டும், பந்தையும் பார்க்க வேண்டும். மூலையில் கொடி பிடித்திருப்பவர் பந்து விழும் இடத்தைத்தான் பார்க்கிறார். சுற்றி நிற்கும் ஊர் முழுக்கப் பந்தின் பின்னாலேயே கண்ணை ஓட்டுகிறது. பட்டதா இல்லையா என்பது அந்த விரலுக்குச் சொந்தக்காரனுக்குத்தான் தெரியும். பட்டிருந்தால் பாயிண்ட் அடித்தவர்களுக்கு. படாமல் வெளியே போயிருந்தால் பிளாக் செய்தவர்களுக்கு. அவன் வாயைத் திறக்காவிட்டால் யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது. ஊர் மேட்ச்சில் வீடியோவா வைத்திருக்கிறோம்?

போன ஓணத்தை ஒட்டி எங்கள் பக்கம் நடந்த ஒரு டூர்னமெண்ட்டில் ஒரு பையன் வாயைத் திறந்தான். அன்றிலிருந்து, பாலக்காடு மாவட்டத்தில் தமிழ்நாட்டு எல்லையோரம் இருக்கும் எங்கள் கொழிஞ்சாம்பாறை கடைவீதியில் என் உரக்கடை முன்னால் இந்தப் பேச்சு ஓயவில்லை. அவன் செய்தது சரி என்று நான் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆனால் ஏன் சரி என்று கேட்டவர்களுக்கு நான் சொன்ன பதில்கள் எனக்கே போதவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நடந்தது இதுதான். அரையிறுதி, கடைசி செட், 15 பாயிண்ட் ஆட்டம். எங்கள் பசங்க 14, எதிரணி 13. சர்வீஸும் எங்களுடையது. எதிரணி பந்தை எடுத்து, செட் போட்டு, இடது ஓரத்திலிருந்து அவர்களுடைய உயரமான ஆள் அடித்தான். பந்து பின்கோட்டைத் தாண்டி ஒரு முழம் வெளியே விழுந்தது. ரெஃப்ரி விசில் அடித்து எங்கள் பக்கம் கை காட்டினார். ஃபைனலுக்குப் போய்விட்டோம் என்று பசங்க ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கட்டிக்கொண்டார்கள். நடுவில் பிளாக்குக்கு எழும்பிய பையன் மட்டும் நெட்டுப் பக்கத்திலேயே நின்று கையைத் தூக்கினான். மோதிர விரலில் சுற்றியிருந்த வெள்ளை பிளாஸ்டரின் ஓரம் பிய்ந்து நீட்டிக்கொண்டிருந்தது. ‘டச்சுங்க சார்’ என்றான். ரெஃப்ரி மலையாளி. குனிந்து ‘டச் உண்டோ?’ என்று கேட்டார். பையன் தலையாட்டினான். ரெஃப்ரி கையை அந்தப் பக்கம் மாற்றிக் காட்டினார். 14-14. அப்புறம் 14-16. ஃபைனல் போச்சு. பரிசுத் தொகை, கோப்பை, ஒரு முழு நேந்திரங்குலை எல்லாம் போச்சு.

டீக்கடையில் வைத்து அவனைக் கேட்ட கேள்விதான் என் மண்டையைக் குடைகிறது. பசங்களுக்கு ஜெர்சி, பந்து, வேன் வாடகை எல்லாவற்றுக்கும் முதலில் பணம் எடுத்துத் தருபவர் தேங்காய் மண்டி வைத்திருக்கும் அண்ணன். அவர் கெட்ட மனுஷன் இல்லை. ஊரில் எந்தப் பையனுக்கு அடிபட்டாலும் தன் வண்டியிலேயே ஏற்றிக்கொண்டு சித்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடுவார். அவர் கத்தவில்லை, நிதானமாகத்தான் கேட்டார். ‘ஏங்கண்ணு, விசில் யார்கிட்ட இருக்குது? அவரு அவுட்டுன்னு சொல்லியாச்சு. நீ என்ன ரெஃப்ரியா?’ பையன், ‘விரல்ல பட்டுச்சுங்ண்ணா’ என்றான். வேறு எதுவும் சொல்லவில்லை.

மண்டிக்கார அண்ணனின் நியாயம்

இந்தக் கேள்வியை லேசாகத் தள்ளிவிட முடியாது. அதற்குள் மூன்று நியாயங்கள் இருக்கின்றன. முதலாவது, தீர்ப்பு சொல்ல ஒரு ஆளை நிறுத்தியிருக்கிறோம், அவர் சொன்னதை ரெண்டு தரப்பும் ஏற்றுக்கொள்ள வேண்டும் என்பதுதானே விளையாட்டு ஒழுக்கம்? பாதகமாகச் சொன்னால் வாயை மூடிக்கொண்டு ஏற்கச் சொல்லித் தருகிறோம். சாதகமாகத் தவறு செய்தால் மட்டும் ஏன் திருத்த வேண்டும்? இரண்டாவது, அதே மேட்ச்சில் இரண்டாம் செட்டில் எதிரணி பிளாக்கர் கையில் பட்டு வெளியே போன பந்தை அவுட் என்று கொடுத்தார்கள். நெட்டுக்கு நேராக நின்ற எங்கள் எல்லோர் காதிலும் டப்பென்று சத்தம் கேட்டது. அவன் கையைத் தூக்கவில்லை. கொடுக்கல் வாங்கல் சரியாகிவிட்டது என்றுதானே எடுத்துக்கொள்ள வேண்டும்? மூன்றாவதுதான் ரொம்பக் கனமானது. அதைக் கேட்டது அண்ணன் இல்லை, எங்கள் அணியின் செட்டர், அடிக்கிறவனுக்குப் பந்தைத் தூக்கிக் கொடுக்கிறவன். பாலக்காட்டில் வேலை முடித்துவிட்டு தினமும் ஓடி வந்து பயிற்சி எடுக்கிறவன். ‘அவன் நேர்மையா இருந்தது சரிங்க மாமா. ஆனா அவன் குடுத்தது அவனோட பாயிண்ட் மட்டும் இல்லையே, எங்க எல்லார் உழைப்புமில்ல?’

செட்டரின் கேள்விக்கு நான் அன்று கிரிக்கெட் விஸ்வநாத்தைச் சொன்னேன். 1980 பிப்ரவரி, பம்பாய் வான்கடே மைதானம், ஜூபிலி டெஸ்ட். இங்கிலாந்து ஐந்து விக்கெட் போய்த் தடுமாறிக்கொண்டிருந்தபோது பாப் டெய்லர் கேட்ச் என்று அம்பயர் விரலைத் தூக்கிவிட்டார். மட்டையில் படவில்லை என்று கேப்டன் குண்டப்பா விஸ்வநாத் நினைத்தார், டெய்லரைத் திரும்பக் கூப்பிட்டார். டெய்லரும் போத்தமும் சேர்ந்து 171 ரன் அடித்தார்கள். இந்தியா பத்து விக்கெட்டில் தோற்றது. இன்றைக்கு அந்த மேட்ச்சைப் பேசுகிறவர்கள் விஸ்வநாத்தைத்தான் பேசுகிறார்கள். செட்டர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, ‘அவரு கேப்டன் மாமா. டீமுக்கு எதை விடலாம், எதை விடக்கூடாதுன்னு முடிவு பண்ற உரிமை அவருக்கு இருந்துச்சு. இவன் போன வருஷம்தான் டீமுக்கு வந்தான்’ என்றான். அவன் சொன்னதில் விஷயம் இருந்தது. பெரிய மனுஷர் பெருந்தன்மையோடு நடந்துகொண்டதைச் சொல்லி, கூட விளையாடுகிறவனின் வயிற்றெரிச்சலுக்குப் பதில் சொல்லிவிட முடியாது. பெருந்தன்மை என்றால் தன்னுடையதை விட்டுக்கொடுப்பது. இந்தப் பையன் விட்டுக்கொடுக்கவே இல்லை. அந்தப் பாயிண்ட் முதலிலிருந்தே எதிரணியுடையது. செட்டருடைய உழைப்பு அந்தப் பாயிண்ட்டுக்குள் இல்லை. மற்ற பதினாலு பாயிண்ட்டில் இருக்கிறது. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இதை அவனிடம் சொன்னேன். அரைகுறையாகத் தலையாட்டினான். எனக்கு அப்போதுதான் ஒன்று உறைத்தது. இந்தப் பையன்களை நாம் எந்த மாதிரி ஏற்பாட்டுக்குள் வளர்க்கிறோம் என்பதைப் பேசாமல், ஒருத்தன் நல்லவன் ஒருத்தன் கெட்டவன் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். நான் விளையாடிய காலத்தில் சர்வீஸ் யாரிடம் இருக்கிறதோ அவர்களுக்குத்தான் பாயிண்ட் கிடைக்கும். சர்வீஸ் போட்ட பக்கம் பிளாக் செய்து, டச் ஆகி வெளியே போனால் சர்வீஸ்தான் கைமாறும், ஸ்கோர் நகராது. கையைத் தூக்க மனசு வருவது கொஞ்சம் சுலபம். உலக வாலிபால் அமைப்பு 1980-களின் கடைசியில் கடைசி செட்டுக்கும், 1990-களின் கடைசியில் எல்லா செட்டுக்கும் அதை மாற்றி, ஒவ்வொரு ராலிக்கும் (சர்வீஸ் போட்டதிலிருந்து பந்து விழும் வரை ஒரு ராலி) ஒரு பாயிண்ட் என்று ஆக்கியது. ஆட்டம் விறுவிறுப்பானது, டிவிக்கு வசதியானது, நானும் அதை ரசிக்கிறேன். ஆனால் ஒரு பிளாக்கரின் மௌனத்துக்கு விலை ஏறிவிட்டது. பழைய கணக்கில் அந்தப் பையன் கையைத் தூக்கியிருந்தால் 14-13 அப்படியே நின்றிருக்கும், சர்வீஸ் மட்டும் போயிருக்கும். புதுக் கணக்கில் ஜெயித்த மேட்ச்சே கையை விட்டுப் போனது. அதே விரல், அதே உரசல். அவனிடமிருந்து நாம் கேட்கும் விலைதான் கூடியிருக்கிறது.

மெல்பர்னில் முட்டி வலிக்காரர்

இந்த இடத்தில் லான் பவுல்ஸ் பற்றிச் சொல்ல வேண்டும். 2022 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில் நம் பெண்கள் நால்வர் அணி தென்னாப்பிரிக்காவை 17-10 என்று ஜெயித்துத் தங்கம் வாங்கிய அன்றுதான் எங்கள் ஊரில் பலர் இந்த விளையாட்டைக் கண்ணால் பார்த்தார்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைகியா, ரூபா ராணி திர்கி. போலீஸ் உத்தியோகம், வனத்துறை உத்தியோகம், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர் என்று வேலை பார்த்துக்கொண்டே விளையாடியவர்கள். காமன்வெல்த்தில் இந்த விளையாட்டில் இந்தியா வாங்கிய முதல் பதக்கமே அதுதான். என் மகள் மெல்பர்னில் இருக்கிறாள். பேத்தி பிறந்த சமயம் நானும் வீட்டுக்காரியும் அங்கே போயிருந்தோம். தெருமுனையில் ஒரு பவுல்ஸ் கிளப் இருந்தது. பொழுது போகாமல் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்த என்னை அங்கிருந்த பெரியவர்கள் கூப்பிட்டு உள்ளே இறக்கிவிட்டார்கள்.

ஆட்டம் சுலபமாகத் தெரியும். ஜாக் என்று சொல்லும் சின்னப் பந்து ஒன்றை முதலில் உருட்டிவிடுவார்கள். அப்புறம் ரெண்டு தரப்பும் மாறி மாறிப் பெரிய பந்துகளை அதன் பக்கத்தில் போய் நிற்கிற மாதிரி உருட்ட வேண்டும். பெரிய பந்து ஒவ்வொன்றும் ஒன்றரைக் கிலோ வரை இருக்கும். முழு உருண்டை இல்லை, ஒரு பக்கம் சாய்மானம் வைத்துச் செய்திருப்பார்கள். அதனால் நேராகப் போகாது, வேகம் குறையக் குறைய வளைந்துகொண்டே போகும். எல்லாப் பந்தையும் உருட்டி முடித்ததும் ஜாக்குக்கு மிகப் பக்கத்தில் யார் பந்து நிற்கிறதோ அவர்களுக்குப் பாயிண்ட். எதிராளியின் நெருங்கிய பந்தை விட உள்ளே எத்தனை நிற்கிறதோ அத்தனை பாயிண்ட். எதிராளி தரையில் போட்டிருக்கும் சின்ன விரிப்பில் கால் வைத்து உருட்டத் தயாராகும்போது யாரும் அசையக் கூடாது, பேசக் கூடாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் கை குலுக்க வேண்டும். வேறு பந்தில் மோதித் தற்செயலாக ஜாக் பக்கத்தில் போய் நின்றுவிட்டால், அது தன் திறமை இல்லை என்று எதிராளியைப் பார்த்துக் கையைத் தூக்குவார்கள்.

இதெல்லாம் மரியாதை. என்னை உலுக்கியது இது இல்லை, எண்ணும் முறை. எந்தப் பந்து பக்கத்தில் என்று தீர்ப்பு சொல்ல அங்கே யாரும் நிற்பதில்லை. உருட்டி முடித்ததும் ரெண்டு தரப்பும் நடந்து போய், பந்துகளைச் சுற்றி நின்று, ஒத்துக்கொண்டு எண்ணுகிறார்கள். ரெண்டு பேரும் ஒத்துக்கொள்ளும் வரை ஒரு பந்தையும் எடுக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் டேப் வைத்து அளக்கிறார்கள். அளந்தும் ஒத்துவரவில்லை என்றால்தான் அம்பயரைக் கூப்பிடுவது. பெரிய போட்டிகளில் அம்பயர் உண்டு, ஆனால் அங்கேயும் முதல் தீர்ப்பு விளையாடுகிறவர்களுடையது. பெரும்பாலும் தோற்றவர்தான் முதலில் வாயைத் திறப்பார். ‘உங்களுக்கு ரெண்டு.’ அவ்வளவுதான், பந்தைக் காலால் ஒதுக்கிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கு நடக்க ஆரம்பித்துவிடுவார்.

ஒரு நாள் எனக்கு எதிராக விளையாடியவருக்கு எண்பது வயசு இருக்கும், ரெண்டு முட்டியும் வலி. என் பந்து ஒன்றும் அவர் பந்து ஒன்றும் ஜாக்குக்கு ரெண்டு பக்கமும் நின்றன. பார்த்தால் வித்தியாசம் தெரியவில்லை. அளக்க வேண்டுமென்றால் புல்லில் மண்டியிட்டுக் குனிய வேண்டும். அவரால் முடியாது. பையிலிருந்து டேப்பை எடுத்து என் கையில் கொடுத்தார், எனக்கு எதிராக விளையாடுகிறவர். கொடுத்துவிட்டு ரெண்டு அடி தள்ளிப் போய், பக்கத்து ஆட்டத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் குனிந்து அளக்கும்போது அவர் என் பக்கம் திரும்பக்கூட இல்லை. அளந்து, ‘உங்களுது’ என்றேன். ‘தேங்க்ஸ்’ என்று சொல்லி டேப்பை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். அவருடைய பந்து ஒரு நூல் உள்ளே இருந்தது உண்மை. அந்த இடத்தில் பொய் சொல்ல ஒரு மனுஷனுக்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். மறைந்துகொள்ள அங்கே ஒரு விசில் இல்லை. ‘ரெஃப்ரி பார்க்கல, நான் என்ன பண்ணட்டும்’ என்று சொல்ல வழியே இல்லை. பொய் சொன்னால் ரெஃப்ரியை ஏமாற்றியதாக ஆகாது, டேப்பைக் கையில் கொடுத்த அந்த முட்டி வலிக்காரரை ஏமாற்றியதாக ஆகும்.

வெள்ளைக்காரன் நேர்மையானவன், நாம் அப்படி இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பிடிப்பதில்லை. அதே ஊரில் ஃபுட்பால் பார்க்கப் போனேன். ரெஃப்ரி பார்க்காதபோது சட்டையைப் பிடித்து இழுப்பதும், பார்க்கும்போது உருண்டு புரள்வதும் தாராளமாக நடந்தது. அதே மனுஷர்கள், வேறு ஏற்பாடு. தீர்ப்பை முழுக்க வேறொருவர் கையில் கொடுத்துவிட்டால் விளையாடுகிறவனுக்குக் கண்காணிப்பில் மாட்டாமல் இருப்பதே வேலையாகிவிடுகிறது. தீர்ப்பு அவன் கையிலும் இருந்தால் எதிராளியின் முகத்தைப் பார்த்துப் பேச வேண்டியிருக்கிறது. சென்னைக் கடற்கரையில் பசங்களும் பெண்பிள்ளைகளும் சேர்ந்து தட்டு வீசி விளையாடுகிற அல்டிமேட் ஃபிரிஸ்பீயில்கூட இதுதான் முறை. 1968-ல் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பையன்கள் ஆரம்பித்த விளையாட்டு, இன்றைக்கு உலகப் போட்டி வரை ரெஃப்ரியின் தீர்ப்பு இல்லாமலேயே நடக்கிறது.

ஊர் திரும்பியதும் மண்டிக்கார அண்ணனிடம் இதைச் சொல்லியிருந்தேன். அப்போது கேட்டுச் சிரித்தார். ஓணம் மேட்ச்சுக்கு அப்புறம் பேச்சு சூடானபோது நான் அவர் மண்டிக்கே போய் உட்கார்ந்தேன். வாசலில் காய் எண்ணிக்கொண்டிருந்தார்கள். ரெண்டு கையிலும் காயைத் தூக்கி எறிந்து, ‘லாபம்... ரெண்டு... மூணு...’ என்று ராகம் போட்டு எண்ணுவார்களே, அது. தோப்புக்காரர் பக்கத்தில் நின்று தானும் வாய்க்குள் எண்ணிக்கொண்டிருந்தார். ஒரு இடத்தில் எண்ணுகிறவர் ஒரு எறியைச் சேர்த்துச் சொல்லிவிட்டார். மண்டிக்கு நஷ்டம். தோப்புக்காரர்தான், ‘இல்லைங்க, நாப்பத்தொண்ணுதான்’ என்றார். எண்ணுகிறவர் சரி என்று ஒன்றைக் குறைத்துக்கொண்டு மேலே போனார். நான் அண்ணனைப் பார்த்து, ‘உங்க மண்டியில ரெஃப்ரி யாருங்கண்ணா?’ என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், ‘இது வியாபாரம் மாப்ள. நாளைக்கும் அவன் இங்கதான் காய் கொண்டாரணும்’ என்றார். நாளைக்கும் அந்த எதிரணியோடுதான் விளையாட வேண்டும், எல்லையில் இருக்கும் கோபாலபுரத்துக்கு அந்தப் பக்கத்துப் பசங்களும் இந்தப் பக்கத்துப் பசங்களும் வருஷம் முழுக்க ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தாக வேண்டும் என்றேன். இந்த ஒரு பேச்சில்தான் அவர் கொஞ்சம் இறங்கி வந்தார்.

ரெஃப்ரி இல்லாத சாயங்காலங்கள்

சரி, பேசினால் மட்டும் போதுமா என்று பசங்களைக் கூட்டி ஒரு யோசனை சொன்னேன். சாயங்காலப் பயிற்சி மேட்ச்சில் யாராவது ஒரு பெரியவரை ஸ்டாண்டில் ஏற்றி விசில் கொடுப்பது வழக்கம். அதை நிறுத்திவிடலாம். டச் என்றால் கையில் பட்டவன் சொல்ல வேண்டும். பந்து எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கம்தான் உள்ளேயா வெளியேயா என்று சொல்ல வேண்டும். ஒத்துவரவில்லையா, அந்த ராலியைத் திரும்ப விளையாட வேண்டும். யாரும் யாரையும் சத்தம் போடக் கூடாது.

முதலில் சண்டைதான் அதிகமானது. ஒரு சாயங்காலம் திரும்பத் திரும்ப விளையாடி, இருட்டும் வரை ஒரு செட்டே முடியவில்லை. இதில் காற்று வேறு. பாலக்காட்டுக் கணவாய் 30 கிலோமீட்டர் போல அகலம் திறந்து கிடக்கிறது. ஆடி மாசம் அதன் வழியாக வருகிற காற்றில் சுண்ணாம்புக் கோடே அழிந்துபோகும். மேலே போன பந்து எங்கே இறங்கும் என்று ஆண்டவனுக்குத்தான் தெரியும். அந்தக் காற்றில் ரெண்டு நேர்மையான கண்கள் ஒரே பந்தை வேறு வேறு இடத்தில் பார்க்கும். எதிராளி சொல்வது தப்பாக இருந்தாலும் அது பொய்யாக இருக்க வேண்டியதில்லை என்று பசங்க புரிந்துகொண்டதே எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. விசில் இருந்த காலத்தில் இந்தச் சந்தேகத்தின் பலனை அவர்கள் ஒருத்தருக்கொருத்தர் கொடுத்ததே இல்லை.

போகப் போக வேறு ஒன்று நடந்தது. யார் சொன்னால் நம்பலாம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு கணக்கு வந்துவிட்டது. தனக்குப் பாதகமாக ரெண்டு மூன்று தடவை டச் சொன்னவன், அடுத்த தடவை ‘படல’ என்றால் எதிர்ப்பக்கம் ஒரு வார்த்தை பேசுவதில்லை. எப்போதும் தனக்குச் சாதகமாகவே சொல்கிறவன் வாயைத் திறந்தால் எல்லோரும் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார்கள். யாரும் யாருக்கும் உபதேசம் செய்யவில்லை. அந்த நிற்பே போதுமானதாக இருக்கிறது.

ஒரு இடத்தில் மட்டும் இந்த ஏற்பாடு இன்னும் தடுக்குகிறது. எங்கள் மைதானத்தில் பதினாறு வயசுப் பையனும் நாற்பது வயசு ஆளும் ஒன்றாக விளையாடுகிறார்கள். பெரியவர் கையில் பட்டதைச் சின்னவன் பார்த்துவிட்டால் என்ன செய்வான்? ‘அண்ணா, உங்க கையில பட்டுச்சுங்ண்ணா’ என்று சொல்ல அவனுக்கு நாக்கு வராது. மரியாதை தடுக்கும். அது நல்ல மரியாதைதான், அதை உடைக்கச் சொல்ல எனக்கு விருப்பமில்லை. அதனால் பெரியவர்கள் முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டோம். சிலர் சொல்கிறார்கள். ஒருவர் அதற்கப்புறம் பயிற்சிக்கு வருவதை நிறுத்திவிட்டார். அவரை நான் இங்கே குறை சொல்லப் போவதில்லை. ஆனால் சின்னப் பையன்கள் அவர் வராததைக் கவனித்தார்கள்.

பணம் வைத்து நடக்கும் டூர்னமெண்ட்டில் இதெல்லாம் செல்லாது என்பதுதான் அண்ணனின் கடைசி வாதம். அதற்காகத்தான் நான் சர்வதேச விதிகளைத் தேடிப் படித்தேன். அதில் தெளிவாக இருக்கிறது. ரெஃப்ரியின் முடிவை மரியாதையோடு ஏற்க வேண்டும் என்று ஒரு வரி. அதற்குப் பக்கத்திலேயே, தங்கள் அணி செய்த தவறை மூடி மறைக்கிற மாதிரி நடந்துகொள்ளக் கூடாது என்று இன்னொரு வரி. நாம் முதல் வரியை மட்டும் பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். 2023-ல் உலக அமைப்பு நாடுகளுக்கு இடையே நடத்தும் தன்னுடைய நேஷன்ஸ் லீக்கில் பச்சை அட்டை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ரெஃப்ரி கவனிக்காத டச்சை விளையாடுகிறவனே ஒப்புக்கொண்டால், ரெஃப்ரி எல்லோர் முன்னாலும் அவனுக்குப் பச்சை அட்டை காட்டுவார். மஞ்சளும் சிவப்பும் தண்டனைக்கு இருக்கிற மாதிரி, இது மெச்சுவதற்கு. அங்கே இல்லாத பணமா? உலகத்திலேயே பெரிய அணிகள் விளையாடுகிற இடத்தில் இது செல்லும் என்றால், நேந்திரங்குலைக்கு நடக்கிற மேட்ச்சில் செல்லாதா?

இந்த வருஷ ஓணம் டூர்னமெண்ட்டுக்குக் கமிட்டி கூடியபோது இதை எழுதிக் கொடுத்திருக்கிறேன். டச் சந்தேகம் வந்தால் ரெஃப்ரி முதலில் பிளாக்கரைக் கேட்க வேண்டும். பிளாக்கர் ஒப்புக்கொண்டால் மைக்கில் அவன் பேரைச் சொல்ல வேண்டும். இவ்வளவுதான் கேட்டிருக்கிறேன். பாலக்காட்டுக்காரர் ஒருவர், ‘நல்லதாணு, பக்ஷே நடக்குமோ?’ என்றார், நல்லதுதான், ஆனால் நடக்குமா என்று. ரெஃப்ரிகளில் ஒருவர், தன் வேலை பாதி குறையும் என்று சந்தோஷப்பட்டார். மண்டிக்கார அண்ணன் ஆதரவாகவும் பேசவில்லை, எதிராகவும் பேசவில்லை. முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கிடையில் அந்தப் பையனுக்கு நடந்ததைத்தான் என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அணியிலிருந்து யாரும் அவனை நீக்கவில்லை. திட்டவும் இல்லை. ஆனால் அப்புறம் நடந்த வெளி மேட்ச்களில் அவன் சுழற்சியில் நெட்டுக்கு வரும்போதெல்லாம் கேப்டன் அவனை வெளியே எடுத்துவிட்டு வேறு ஆளை இறக்குகிறான். பின்வரிசையில் மட்டும் விளையாட விடுகிறான். பிளாக்குக்கு எழும்பினால்தானே டச் ஆகும், டச் ஆனால்தானே கையைத் தூக்குவான்! எங்கள் அணியிலேயே உயரமானவன் அவன்தான். அவன் கை நெட்டுக்கு மேலே போகிற மாதிரி வேறு யாருக்கும் போகாது. நேர்மைக்குப் பயந்து அணியின் உயரத்தையே குறைத்துக்கொள்கிறார்கள். கேப்டனிடம் கேட்டேன். ‘கோச்சுக்காதீங்க மாமா, ரிஸ்க் எடுக்க முடியாது’ என்றான். அவன் இல்லாத நெட்டில் போன மேட்ச்சில் எதிரணி நடுவில் அடித்த பந்துகளில் எத்தனை தரையில் விழுந்தன என்று நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைக் காட்டினேன். செட்டரும் பக்கத்தில் நின்று பார்த்தான். ‘அவனை முன்னாடி நிறுத்துடா, நான் பாத்துக்கறேன்’ என்று கேப்டனிடம் சொன்னது அவன்தான். கேப்டன் யோசிக்கிறேன் என்றிருக்கிறான். ஞாயிற்றுக்கிழமை வண்ணாமடைக்காரர்களோடு மேட்ச் இருக்கிறது, நோட்டையும் எடுத்துக்கொண்டு போகிறேன்.